சில்லறை

முப்பத்தோரு வருடம்
நாகர்கோவில் – மார்த்தாண்டம் தடத்தில்
விளக்கு எரியாத வண்டியிலும்
தோல்பைக்குள் கைவிட்டு
எட்டணாவை எட்டணா என்றும்
ரூபாயை ரூபாய் என்றும் எடுத்துக் கொடுத்தவன்.
கண் படியில் தொங்குகிறவன்மேல் இருக்கும்.
காசைப் பார்த்தது விரல்.

போன ஆனியில்
சாமியார்மடம் சாயாக்கடையில்
இரண்டு ஐந்து ரூபாய் எடுத்து வைத்தேன்.
"கண்டக்டரே, இது ரெண்டும் ரெண்டு ரூவாயாக்கும்"
என்றான் செல்லக்கண்.
சிரித்தார்கள். நானும்.
சிரித்தபடியே சட்டைப்பைக்குள்
இன்னொரு நாணயத்தை உரசினேன்.
உறை போட்ட விரல் மாதிரி
அது ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கும் முன்பே ஒரு செருப்பு போயிருந்தது.
பள்ளியாடியிலிருந்து வீடுவரை
ஒற்றைச் செருப்போடு நடந்திருக்கிறேன்
மற்ற காலுக்குத் தெரியாமல்.
வயசு என்றேன்.
எதை ஏற்றினாலும்
டிக்கெட் கேட்காத வண்டி, அந்தச் சொல்.

குழித்துறை ஆஸ்பத்திரியில்
டாக்டர் அபிஷா
இரும்புக் கவை ஒன்றைத் தட்டி
கால் பெருவிரலில் வைத்தாள்.
"அதிருதா?"
வைக்கட்டும் என்று காத்திருந்தேன்.
வைத்துவிட்டாள் என்பது
அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.
முழங்காலுக்கு ஏற்றினாள்.
அங்கே, தூரத்து டிப்போவில்
எஞ்சின் கிளப்பியதுபோல் ஒரு நடுக்கம்.

"என்ன சாப்பிடுவீங்க?"
றோஸ்லெட் பேரனைப் பார்க்கப் பெங்களூர் போய்
இரண்டரை வருடம்.
காலையில் சாயா, ரஸ்க்.
உச்சைக்குக் கஞ்சி, மாங்காய் அச்சாறு.
ராத்திரி மிச்ச ரஸ்க்.
மீன்? கழுவ மடி.
முட்டை? ஒருத்தனுக்கு எதுக்கு அடுப்பு.
வீடியோவில் அவள் கேட்டால் மட்டும்
நெத்திலி அவியல் என்பேன்,
தட்டைக் காட்டாமல்.

சர்க்கரை மாத்திரை பதினாலு வருடம்,
நெஞ்செரிச்சல் மாத்திரை ஆறு.
நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றாள்;
ஆனால் பி பன்னிரண்டு உடம்பில் ஏறுவதை
இரண்டும் மெல்லத் தடுக்கும்,
வருடத்துக்கொருமுறை ரத்தத்தில் பார்த்திருக்கலாம்.
ஒவ்வொரு ஸ்டேஜிலும் தலை எண்ணியவன்
இந்த ஒரு தலையை எண்ணவில்லை.

ஊசி போட்டார்கள். முதலில் ஒன்றுவிட்டொரு நாள்,
பிறகு மாதம் ஒன்று.
ஸ்கூட்டரில் குளச்சல் சாளை கொண்டுவரும் றெஜினா
"வெட்டித் தரணுமா?" என்றாள்.
வேண்டாம், படிக்கிறேன் என்றேன்.
முதல் குழம்பில் புளி கூடிப்போச்சு.
மரச்சீனியைப் பிசைந்து தின்றேன்.
அன்று தட்டைக் காட்டினேன்.
றோஸ்லெட் ரொம்ப நேரம் பேசவில்லை,
பிறகு புளியைப் பற்றித் திட்டினாள்.

விரல் பாதிதான் திரும்பியிருக்கிறது.
மீதி வராமலும் போகலாம்,
பிந்திவிட்டீர்கள் என்றாள் டாக்டர்.

அதனால் இப்போது
தக்கலையில் பென்சன்காரர் கூடும் முதல் சனிக்கிழமை
கண்ணை மூடச் சொல்லி
ஒவ்வொரு கையிலும் ஒரு காசு வைக்கிறேன்.
கிறுக்கு என்றார்கள்.
மரியதாஸ் உடனே சொன்னான்.
பாக்கியநாதன் மணந்து பார்த்துச் சொன்னான், கள்ளன்.
இதுவா பரிசோதனை என்றால் இல்லை,
ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஒரு சாக்கு.

ஞானசிகாமணி மட்டும்
காசை உருட்டிக்கொண்டே இருந்தான்.
என் வண்டியின் டிரைவர், பதினோரு வருடம்.
இன்றும் கல்யாண சவாரிக்கு
ஓம்னி ஓட்டுகிறவன்.
"அஞ்சு" என்றான்.
நான் வைத்தது ஒரு ரூபாய்.

அவன் கண்ணைத் திறக்குமுன்
அவன் வலது காலைப் பார்த்தேன்.
செருப்பு பாதி கழன்று கிடந்தது.

"சாவியைத் தா" என்றேன்,
"திங்கள் காலை ஏழே காலுக்கு
குழித்துறைக்கு ஒரு பஸ் இருக்கு.
உனக்கும் சேர்த்து
டிக்கெட் நான் எடுக்கேன்."